கேள்வியம்மா சொன்ன பொய்

மருந்துக்கடையில் அன்று நல்ல கூட்டம். கடைக்காரருக்கு வெண்கலத் தொண்டை. யார் சீட்டை நீட்டினாலும் ஊருக்கே படித்துக் காட்டிவிட்டுத்தான் மருந்தை எடுப்பார். ஒரு வாலிபன் சீட்டை நாலாக மடித்து நீட்டினான். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. கடைக்காரர் அதைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, வரிசையில் நின்ற ஒரு அம்மாளின் கையிலிருந்த தூக்குவாளி தரையில் விழுந்து உருண்டது. மூடி ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம். எல்லாரும் "அடடா" என்று குனிந்தார்கள். அந்த அமளியில் கடைக்காரர் படித்தது யார் காதிலும் விழவில்லை. வாலிபன் மருந்தை வாங்கிக்கொண்டு தப்பித்தோம் பிழைத்தோம் என்று போய்விட்டான்.

வாளி கை தவறி விழுந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பின்னால் நின்ற தையல்காரி மட்டும் பார்த்துவிட்டாள். அந்த அம்மாள் விரல்களைத் தானாகவே விரித்திருந்தாள்.

அவளை அந்தப் பக்கத்தில் கேள்வியம்மா என்று கூப்பிடுவார்கள். கட்டியவர் கண்ணை மூடிய பிறகு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டதும், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் கணக்கெடுப்பு வேலைக்கு வந்தாள். எத்தனை பேர், என்ன வயது, யாருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டும். எத்தனை வெயிலானாலும் யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே! நாய்க்கும் அவள் பயப்பட்டதில்லை. "குரைக்கிற நாய நம்பலாம். கேட்காமலே பதில் சொல்ற மாமியாரத்தான் நம்ப முடியாது" என்பாள்.

தையல்காரி அப்போது வாயாடியோடு ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். வாயாடி ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். பேச்சில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. இருவரும் சித்தி மகள், பெரியம்மா மகள் என்று சொல்லித்தான் அறை பிடித்திருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் அவர்கள் யார் என்பது கடவுளுக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் இதே மாதிரி இரண்டு பெண்கள் இருந்தார்கள். விஷயம் தெரிந்த அன்றே அவர்களுடைய சாமான்களை வெளியே எறிந்துவிட்டார்கள். மெத்தை மழையில் ஊறிக் கிடந்ததைத் தையல்காரி கண்ணால் பார்த்தாள். அதன் மேல் கிடந்த தலையணை உறைகள் அவள் தைத்துக் கொடுத்தவை. 

இப்படி இருக்கும்போதுதான் கேள்வியம்மா தையல்காரியின் மாடிப் படியேறினாள். அவளுக்குப் பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"என் வீட்டுல என்ன கேக்குறாங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

தண்ணீர், கழிப்பறை, காய்ச்சல் எல்லாம் ஒழுங்காகப் போனது. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் கேள்வியம்மாவின் பேனா நின்றது. வீட்டுக்காரம்மாவை ஒரு பார்வை, சுவரோரம் நின்ற வாயாடியை ஒரு பார்வை. பிறகு தாளைத் தையல்காரி பக்கம் திருப்பினாள்.

"கண்ணு எரியுதும்மா. இத நீயே படிச்சு, எண்ண மட்டும் சொல்லு."

'உடன் வசிப்பவர் உங்களுக்கு என்ன உறவு?' என்று இருந்தது. கணவன் அல்லது மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர் என்று வரிசையாக எண் போட்டிருந்தது. நாலாவது வரியில் 'வாழ்க்கைத் துணை, ஆணோ பெண்ணோ' என்று இருந்தது. தையல்காரி அதை இரண்டு தரம் படித்தாள். அச்சடித்த எழுத்தில் தன்னை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. திருமண அழைப்பில் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டில் இல்லை, எதிலும் இல்லை.

"நாலு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"என்னடி இது, பகடையா உருட்டுறீங்க?" என்றாள் வீட்டுக்காரம்மா.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கேள்வியம்மா கிளம்பியதும், தையல்காரி வாசல் வரை ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அத அடிச்சிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கேள்வியம்மா குரலை இறக்கினாள். "அந்த வரி சும்மா வந்துச்சுன்னா நெனைக்கிற? உன்ன மாதிரி ஆளுங்களையெல்லாம் கூப்பிட்டு வச்சுப் பேசித்தான் எழுதினாங்க. மொதல்ல 'மற்றவர்'னு போட்டு வச்சிருந்தாங்க. ஒரு பொண்ணு எந்திரிச்சு, 'நான் என்ன, மிஞ்சிப்போன பண்டமா?'ன்னு கேட்டுது பாரு, அன்னைக்கே அத அடிச்சு மாத்திட்டாங்க. ஆணா பொண்ணான்னுகூட முன்னெல்லாம் மூஞ்சியப் பாத்து நாங்களே குறிச்சிடுவோம். எத்தன பேருக்குத் தப்பாப் போட்டிருப்பேனோ! இப்பல்லாம், பொறந்தப்ப என்ன எழுதினாங்கன்னு ஒண்ணு, இப்ப நீங்க யாருன்னு ஒண்ணு, ரெண்டாப் பிரிச்சுக் கேக்கணும்."

"எங்களக் கணக்கெடுத்து என்ன ஆகப்போகுது?"

"நாளைக்கு அவ படுத்துட்டா, 'நீ யாரு'ன்னு கேட்டு உன்ன ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்துவாங்கல்ல? எத்தன பேர் இப்படி நிக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தானே உள்ள விடச் சொல்லிக் கேக்க முடியும்? பயப்படாத. இது வெளிய போகாது."

மாடிக்கு வந்தால் வாயாடி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "வாயாடின்னு பேரு எனக்கு. வாயக் குடுத்தது நீ" என்றாள். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். 

அதற்குப் பிறகு படியில் காலடி கேட்டால் ஊசி உடைந்தது. ஒரு சட்டைக்குக் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டாள். கடவுளே, ஒரு எண்ணை மட்டும் அழித்துவிடு என்று வேண்டிக்கொண்டே படுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழேயிருந்து குரல் வந்தது. இறங்கிப் பார்த்தால், சட்டைப்பையில் மூன்று பேனா செருகிய ஒரு மனிதர், கையில் காகிதக் கட்டோடு நின்றிருந்தார். வீட்டுக்காரம்மா துணி உலர்த்துவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். வாசலில் கேள்வியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தெருமுனையிலிருந்து அவர் பின்னால் ஓடி வந்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா. இந்தம்மா நிஜமாவே வந்து கேட்டாங்களா, இல்ல மரத்தடியில உக்காந்து ரொப்பிட்டாங்களான்னு அங்கங்க ஒரு வீட்டுல திரும்பக் கேப்போம்" என்றார் அந்த மனிதர். மருந்துக்கடைக்காரருக்குத் தம்பி போலக் குரல். தாளில் விரலை ஓட்டினார். "உடன் வசிப்பவர் என்ன உறவு... நாலுன்னு போட்டிருக்கு. நாலுன்னா..." என்று பக்கத்தைப் புரட்டினார்.

தையல்காரிக்கு மழையில் ஊறிய மெத்தை கண் முன்னால் வந்து நின்றது.

"சார்!" என்றாள் கேள்வியம்மா. "அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்ல."

அவர் நிமிர்ந்தார். "என்னது?"

"நேரமாயிடுச்சுன்னு நானா ஒரு எண்ணப் போட்டுட்டேன்."

"இத்தன வருஷ வேலையில ஒரு புகார் இல்ல. நீங்களாம்மா இப்படி?"

வீட்டுக்காரம்மா குறுக்கே புகுந்தாள். "இல்லையே சார், இவ ஏதோ நாலுன்னு சொன்னாளே. நான் பக்கத்துலதான இருந்தேன்!"

எல்லாரும் தையல்காரியைப் பார்த்தார்கள். கேள்வியம்மா மட்டும் பார்க்கவில்லை. காலில் ஒட்டிய மண்ணை மற்றக் காலால் தட்டிக்கொண்டு நின்றாள்.

"அது வேற கேள்விக்குச் சொன்னது" என்றாள் தையல்காரி. அவள் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. "இத அவங்க கேக்கல."

"சரி, இப்பச் சொல்லுங்க. கூட இருக்கறவங்க யாரு?"

"சித்தி மக."

அவர் நாலை அடித்துவிட்டு மேலே வேறொன்று எழுதினார். வீட்டுக்காரம்மா ஈரத்துணிக்குத் திரும்பிப் போனாள். "பதில் சொல்றவங்கதான் பொய் சொல்வாங்கன்னு பாத்தா, கேக்கறவங்களும் அப்படித்தான்" என்று அவள் முணுமுணுத்தது கேள்வியம்மா காதில் விழுந்திருக்கும்.

அறை தப்பியது. கேள்வியம்மாவுக்கு வேலை போனது. கேட்காமலே எழுதினவள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. எத்தனையோ வீட்டுப் படி ஏறித் தேய்ந்த கால்களுக்குக் கிடைத்த கூலி அது. தையல்காரி பல நாள் அவள் வீட்டுத் தெரு வரை போவாள். எதிரே யாராவது வந்தால் திரும்பிவிடுவாள். யாராவது பார்த்து, இவளுக்கும் அவளுக்கும் என்ன பேச்சு என்று கேட்டுவிட்டால்?

கேள்வியம்மா வேறு ஊரில் இருக்கும் தங்கையோடு இருக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று, வாயாடிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பேருந்து நிலையத்தில் ஒரு துணிமூட்டையின் மேல் கேள்வியம்மா உட்கார்ந்திருந்தாள். தையல்காரிக்கு அழுகைதான் வந்தது.

"உங்க பேரக் கெடுத்துட்டேனேம்மா."

"பேருதானே கிழிஞ்சுது, உடம்பா கிழிஞ்சுது? போ." மூக்கைச் சிந்தச் சொல்லி முந்தானையைக் கொடுத்தாள். "ஆபீஸ்ல சொல்லிட்டுத்தான் வந்தேன். தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும், அட்டையில காட்டி எண்ண மட்டும் வாங்கணும், சரிபாக்க வர்றவரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாதுன்னு. சொன்னத எடுத்துக்கிட்டாங்க. சொன்னவளத்தான் எடுத்துக்கல."

வாயாடி சிரித்துவிட்டாள். பிறகு அவளும் அழுதாள்.

வண்டி வந்தது. மூட்டையை வாயாடி தூக்கிக் கொடுத்தாள். கேள்வியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தையல்காரியைக் கிட்டே கூப்பிட்டாள். தையல்காரி பயத்தோடு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கிட்டே போனாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

"மறுபடியும் கேக்க வருவாங்க" என்றாள் கேள்வியம்மா. "பயமா இருந்தா கதவத் தெறக்காத, தப்பில்ல. தெறந்துட்டா, உள்ளதச் சொல்லு. பொய் என்னோட போகட்டும்."