சத்துபானப் பெட்டிக்குள் ஆறு பேர்

அந்தப் படத்தை நான் இரண்டு முறை பார்த்தேன். தமிழில் பேசவிட்டு அரியலூரில் ஓட்டிய இங்கிலீஷ் படம். வானத்திலிருந்து நெருப்பு கொட்டும் ஓர் ஊரை ஆறு பேர் சேர்ந்து காப்பாற்றுவார்கள். முதல் தடவை பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள். இரண்டாம் தடவை அடம்பிடித்து அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அப்பா சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரி டிரைவர். தியேட்டரில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் குறட்டை கேட்கும். அன்று கேட்கவில்லை. பாதிப் படத்தில் என் காதருகே குனிந்து, "றெக்கை இருக்கிறவன் எதுக்கு பாப்பா ஏணியில ஏறுறான்?" என்றார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டது சரியான கேள்வி என்று பட்டது.

படத்தில் அந்த ஆறு பேருக்கும் வாயில் நுழையாத பெயர்கள். எங்கள் ஏழாம் வகுப்பு வைத்த பெயர்கள்தான் நிலைத்தன: மின்னல், பாறை, நிழல், புயல், தண்ணி அக்கா, றெக்கை. படம் ஓடிய சூட்டோடு, பாலில் கலக்கிக் குடிக்கும் ஒரு சத்துபானத்தின் அட்டைப்பெட்டிக்குள் அவர்களைப் பொம்மைகளாகப் போட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள். பெட்டிக்கு ஒருவர், இலவசம். விரல் நீளம் இருக்கும். தோளில் கை சுழலும். கால் இரண்டும் ஒரு வட்டப் பீடத்தில் ஒட்டியிருக்கும். எந்தப் பெட்டிக்குள் யார் என்று வெளியே தெரியாது. பெட்டியின் பின்பக்கம் ஆறு பேரும் வரிசையாக நிற்கும் படம், மேலே 'அனைவரையும் சேருங்கள்' என்ற கட்டளை. எனக்குப் படிப்பில் வராத கவனமெல்லாம் அந்தப் பின்பக்கத்தில் வந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் டீதான். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சத்துபானப் பாட்டில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வழியாகத்தான் வரும். யாராவது ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஆப்பிள், இல்லாவிட்டால் ரொட்டி. கொஞ்சம் நெருங்கிய உறவென்றால் பாட்டில்.

அந்த வருடம் அப்பா படுத்தார். முதலில் காலில் வீக்கம், பிறகு முகத்தில். ஒரு நாள் காலை செருப்புக்குள் கால் நுழையவில்லை. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிட்னி என்றார்கள். அம்மா கூடவே தங்கினாள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அரியலூரிலிருந்து பஸ் ஏறி, பேரளி வழியாக ஒரு மணிநேரம் நின்றுகொண்டே போய், அம்மாவோடு இருந்துவிட்டுக் காலையில் திரும்புவேன்.

முதல் பாட்டிலைக் கொண்டுவந்தவர் அப்பாவோடு லோடு ஓட்டும் பூலாம்பாடிக்காரர். கட்டிலுக்கடியில் பையை வைத்துவிட்டு, "என்ன மாப்ள, ரெஸ்ட் எடுக்கணும்னா மொதலாளிகிட்ட லீவு கேக்க வேண்டியதுதான? அதுக்கு இப்பிடியா வந்து படுப்பே?" என்றார். அப்பா சிரித்தார். நான் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். மின்னல்! கையில் மஞ்சள் ஈட்டியோடு. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். நர்ஸ் அதட்டினார். அப்பா அந்தப் பொம்மையை வாங்கி, கையைச் சுற்றிப் பார்த்து, "இன்னும் அஞ்சு பேரு வரணுமா?" என்றார்.

வந்தார்கள். முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. நிழல் வந்தான், புயல் வந்தான். பாறை வந்தான், மறுநாளும் பாறை, அதற்கு மறுநாளும் பாறை. எனக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்ததில் விஷயம் புரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் ஒரே கடையில்தான் பாட்டில் வாங்குகிறார்கள். அந்தக் கடைக்கு வந்த பெரிய பெட்டியில் பெரும்பாலும் பாறைதான். வேறு ஊர்க் கடையில் வாங்கினால் வேறு ஆள் வருவான். இதைக் கண்டுபிடித்த சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் ஒரு ரூபாய் போட்டுக் குரும்பலூர் அத்தைக்குப் போன் செய்தேன். அப்பாவின் அக்கா.

"அத்தை, நாளைக்கு வரீங்கள்ல?"

"வரேன்டி. தம்பி எப்பிடி இருக்கான்? சோறு எறங்குதா?"

"இருக்காரு. அத்தை, பாட்டில் வாங்கினா குரும்பலூர்லயே வாங்கிட்டு வாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வாங்காதீங்க. அங்க வாங்கினா பாறைதான் வரும்."

"உங்கப்பன் மூச்சு விடறானான்னு கேட்டா எந்தக் கடைன்னு சொல்றியே, நீயெல்லாம் பொம்பளப் புள்ளையாடி?" என்று வைத்துவிட்டாள். ஆனால் குரும்பலூரிலேயே வாங்கி வந்தாள். அதில் தண்ணி அக்கா இருந்தாள். ஐந்து பேர் ஆயிற்று. இனி றெக்கை மட்டும்.

அந்தப் பாட்டில்களை யாரும் குடிக்கவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். டாக்டர் இரண்டாம் நாளே சொல்லிவிட்டார்: பாலும் கூடாது, இந்த மாதிரி பவுடரும் கூடாது, பழம்கூடப் பார்த்துத்தான், தண்ணீர் அளந்துதான். ஜன்னல் விளிம்பில் ஒன்பது பாட்டில் மூடி திறக்காமல் நின்றது. அப்பா தாகத்தோடு அவற்றைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த அம்மாள், "அப்பா மேல எம்புட்டுப் பாசம் பாரு" என்று என் தலையைத் தடவினாள். அப்பா தடவவில்லை. என் முகத்தையே பார்த்தார். வீட்டுக்குப் போய்விட்டால் யாரும் பாட்டில் கொண்டுவர மாட்டார்கள் என்று நான் அழுததை அந்த வார்டில் அவர் ஒருவர்தான் புரிந்துகொண்டார்.

வீட்டில் இரண்டு மாதம். அப்பா லாரி ஏறவில்லை. வாசல் பக்கம் கட்டில் போட்டு, கல் லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வீங்கிய முகத்தை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. தெரிந்தவர் யாராவது வந்தால் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கிளீனர் பையனிடம், "பூலாம்பாடியான்கிட்ட சொல்லுடா, மாப்ள பாக்கணும்னு சொன்னாருன்னு. சும்மா வரச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பூலாம்பாடிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் தெருமுனையிலிருந்தே அவர் பையைப் பார்த்துக்கொண்டு கூட ஓடிவந்தேன். பையில் ரஸ்க் பாக்கெட் இருந்தது.

"பாட்டில்தான் வாங்கலாம்னு பாத்தேன். தங்கச்சி வேணாம்னு சொல்லிடுச்சே, அவரு குடிக்கக் கூடாதுன்னு" என்றார்.

அம்மா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அத்தையிடம், லாரி ஆபீஸில், பக்கத்துத் தெருவில். அவர் போனதும் நான் அம்மாவிடம் பாய்ந்தேன்.

"ஏம்மா சொன்னே? யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?"

"யாருக்குடி பாட்டிலு? அந்த மனுசன் ஒரு டம்ளர் தண்ணிய நாள் பூரா வச்சி நாக்கை நனைச்சிக்கிட்டு இருக்காரு. உனக்குப் பொம்மை கேக்குதா? இன்னும் ஒரு தடவை அந்தப் பேச்செடுத்தே, அஞ்சையும் தூக்கி அடுப்புல போட்டுருவேன்."

"விடு, சின்னப் புள்ள" என்றார் அப்பா கட்டிலிலிருந்து. அம்மா அவரையும் முறைத்தாள்.

மறுபடி வீக்கம் ஏறியது, இந்த முறை மூச்சும் வாங்கியது. மறுபடி பெரம்பலூர். பஸ்ஸில் அம்மா வழிநெடுக அழுதுகொண்டே வந்தாள். எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. ஆஸ்பத்திரி. ஆட்கள் வருவார்கள்.

வரவில்லை. ஒரு நோய்க்கு ஒரு தடவைதான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. முதல் தடவையே எல்லோரும் கடமையை முடித்துவிட்டிருந்தார்கள். அத்தை மட்டும் வந்தாள், தூக்குச்சட்டியில் உப்பில்லாத ரசத்தோடு. நான் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன். வருகிற ஒவ்வொருவரும் வேறு கட்டிலுக்குப் போவார்கள். திருச்சிக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் இழுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாரம் இரண்டு தடவை, வாழ்நாள் முழுக்க. அம்மா தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அத்தையிடம் பேசினாள். அத்தை தரையைப் பார்த்தாள். அப்பா போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை, போகலாம் என்றும் சொல்லவில்லை. "இங்கயே இருப்போம், நாலு நாளு பாப்போம்" என்றார்.

எதற்கு இருக்கிறார் என்று எனக்கு ஐந்தாம் நாள் தெரிந்தது. எதிர்க் கட்டிலில் கால் உடைந்த ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவரைப் பார்க்க வந்தவர்கள் பாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். என் அப்பா யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர். ரோட்டில் டயர் வெடித்தால்கூட வேறு லாரியை நிறுத்தமாட்டார், தானே மாற்றுவார். அவர் ஒரு முழங்கையை ஊன்றி எழுந்து, மூச்சு வாங்க வாங்க, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு பொம்மை இருக்கும். பாப்பாவுக்குக் குடுப்பீங்களா?" என்றார்.

"அட, எடுத்துக்கச் சொல்லுங்க. எனக்கு எதுக்கு இந்த வயசுல பொம்மை?"

நான் போய் எடுத்தேன். கனத்திலேயே தெரிந்துவிட்டது. பாறை.

திரும்பிவந்தேன். அப்பாவின் கண் இமைகள் வீங்கி, இரண்டு கீற்றுகளாக இருந்தன. "றெக்கைதானா பாப்பா?" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன். "அவன்தான்."

"அப்ப முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுப்பா."

"சரி" என்று படுத்துவிட்டார். அம்மா மாத்திரை வாங்கிக்கொண்டு வந்ததும், "வூட்டுக்குப் போயிடலாம்" என்றார். அம்மா வேண்டாம் என்றாள், அத்தையை விட்டுப் பேசச் சொன்னாள், டாக்டரிடம் ஓடினாள். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தோம். இருந்திருந்தாலும் இதேதான், நாள் கணக்குதான் வித்தியாசம் என்று டாக்டர் சொன்னதாக அம்மா பின்னாளில் பலமுறை சொன்னாள். அந்த நாள் கணக்கைத்தான் நான் கெடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. 'அவன் இல்லை' என்று நான் சொல்லியிருந்தால் இன்னும் நான்கு நாள் பார்க்கலாம் என்று அப்பா இருந்திருப்பார். அந்த நான்கு நாளில் அம்மா திருச்சிக்கு மனதைத் தேற்றியிருக்கலாம். தேற்றியிருந்தாலும் கையில் ஒன்றும் இல்லை. இதை எத்தனை விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

வீட்டில் ஒன்பது நாள் இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம், "எங்க, எல்லாரையும் நிறுத்து, பாப்போம்" என்றார். கட்டிலோரம் ஸ்டூல் போட்டு நிறுத்தினேன். மின்னல், நிழல், புயல், தண்ணி அக்கா, பாறை. கடைசியில் இன்னொரு பாறை, முதுகைத் திருப்பி, வெளிச்சம் படாத ஓரத்தில். அப்பா விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு வந்தது. விரல் அங்கேயே நின்றது.

"இவன் முதுகுல றெக்கை எங்க?"

அழுகை வந்துவிட்டது. "உடஞ்சிடுச்சுப்பா. பஸ்ல வரும்போது நசுங்கிடுச்சு."

கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். "றெக்கை போனா போவட்டும். ஆளு வந்துட்டான்ல."