கூடத்தில் தோண்டிய பள்ளம்

பேய், பிசாசு, சாபம் எதையும் நான் நம்பினவள் இல்லை. ஐந்தாவது வரைதான் படிப்பு, ஆனாலும் உச்சி வெயிலில் இடுகாட்டு ஓரமாகத் தனியாக ஆடு மேய்த்தவள். போன வாரம் மருமகள் செல்போனில் உலகத்துப் பள்ளங்களை எல்லாம் காட்டினாள். வைரத்துக்காக ஊரையே விழுங்குகிற மாதிரி தோண்டிய பள்ளம், ரோட்டில் தானாகத் திறந்துகொண்ட பள்ளம், பனி பெய்கிற தேசத்தில் ஏன் வந்தது என்றே தெரியாத பள்ளம். "நம்பவே முடியல இல்ல அத்தே?" என்றாள். நான் பார்த்த பள்ளத்தை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஏரி. மூன்றடி சவுடு மண் எடுக்கிறேன் என்று வந்த காண்ட்ராக்டர், உள்ளே ஒரு பனைமரத்தை நிறுத்தினால் தலை தெரியாத அளவுக்குத் தோண்டிவிட்டார். கம்பெனி கட்டுகிற இடங்களை மேடாக்க லாரி லாரியாக மண் போனது. கடைசியில் பள்ளம் ஏரிக்கரையில் இருந்த எங்கள் இடுகாட்டையும் தின்றது. என் மகள் செல்வி பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவள், கல்யாணம் ஆகாதவள் என்பதால் எரிக்காமல் அங்கேதான் புதைத்திருந்தோம். திதிக்குப் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு போனேன். சமாதி இல்லை. இடமே இல்லை. அவள் படுத்திருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூட வெட்கப்படுகிறவள் நான். அன்று காண்ட்ராக்டரிடம் போய்க் கேட்டேன். "நைனா, எம்பொண்ணு எலும்பையாச்சும் குடுத்துடு."

"பொணத்துக்கு இன்னா பட்டாவா கீது ஆயா? தோ போவுது பாரு லாரி, ஏறிப் போய்த் தேடு" என்றார். டிரைவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வயிறு எரிந்தவள் மண்ணை வாரித் தூற்றுவாள், அது பலிக்கும் என்பார்கள். குனிந்து ஒரு பிடி அள்ளி அவர் மேல் தூற்றினேன். "எம்பொண்ணு படுத்த எடத்த எடுத்துக்கினு போய்ட்ட. நீயும் படுக்க எடமில்லாம போவ."

அந்த மண்ணில் சில லோடு கும்மிடிப்பூண்டியில் அவர் கட்டிய சொந்த வீட்டுப் பேஸ்மட்டத்துக்கே போயிருந்தது. குடிபோன மாதம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரைக் கட்டிலோடு தரை கீழே இறக்கியது. மண்ணைத் தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டியாக்கவில்லை என்றாராம் மேஸ்திரி. சரி, இருக்கட்டும். அதை அடைத்துவிட்டு அடுத்த அறையில் படுத்தார், அங்கேயும் இறங்கியது. கூடத்தில் பாய் போட்டார், பாய் அளவுக்கு இறங்கியது. மனைவி படுத்தால் ஒன்றும் ஆகவில்லை, அவர் படுத்த இடம் மட்டும்தான்.

புருஷனும் மனைவியும் கண்ணெல்லாம் உள்ளே போய் என் வாசலுக்கு வந்தார்கள்.

"யம்மா, வுட்ட சாபத்த வாபஸ் வாங்கிக்கம்மா. ஒக்காந்துக்கினேதான் தூங்குறேன்" என்றார்.

"எலும்பக் குடு, வாங்கிக்கிறேன். ஆள் வுட்டுத் தோண்டக் கூடாது, உன் கையால தோண்டு."

தோண்டினார். கூடத்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டு அவர் தோண்ட, நான் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அங்கே கொட்டியது நாலடி மண்தான், அதற்குக் கீழே அந்த ஊர்க் களிமண் வர வேண்டும். வரவில்லை. ஆள் ஆழம் தாண்டியும் எங்கள் ஏரியின் சிவந்த சவுடுதான் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஏணி வைத்து இறங்கினார். எலும்பு ஒன்றுகூட இல்லை, உள்ளங்கை கிழிந்து மண்வெட்டிப் பிடியெல்லாம் ரத்தம்.

"யம்மா, போதுமா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த மூன்று நாளும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மனைவி அழுவதைப் பார்த்து, போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பள்ளத்துக்குள்ளே, அவருக்குப் பக்கத்திலிருந்து, என் செல்வியின் குரல் "இன்னும்" என்றது.

அவர் குனிந்து மறுபடியும் வெட்டத் தொடங்கினார். நான்தான் சொன்னேன் என்று நினைத்து அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எழுந்து வந்துவிட்டேன், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இன்றைக்கும் தோண்டுகிறார் என்கிறார்கள்.

உயிரோடு இருந்தவரை, ஒரு கரண்டிக்கு மேல் சோறு போட்டால் "போதும்மா" என்று தட்டைக் கையால் மூடிக்கொள்கிறவள் செல்வி. இன்னும் என்று அவள் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.