சிலாப் போட்ட அன்று நான் கடலில் நின்றேன்

வீட்டுக்குச் சிலாப், அதாவது கொங்கிறீட் கூரைத் தட்டு, போடும் நாளுக்கென்று லீவு எடுத்திருந்தேன். மிக்சர் சுழலத் தொடங்கி, கூலியாட்கள் வரிசை பிடித்து, முதல் தாச்சிக் கலவை மேலே போகிற நேரத்தில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது.

"அண்ணன், மற்ற மாஸ்டருக்குக் கடும் காய்ச்சல். சீமெந்துக் கிளிங்கர் ஏத்தின கப்பல் ஒண்டு உள்ளுக்கு வருது. நீங்கள் வராட்டி டக் எடுக்க ஆள் இல்லை."

டக் என்பது பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் ஜெட்டியில் அணைக்கிற இழுவைப் படகு. திருகோணமலையில் என் உத்தியோகக் காலம் முழுவதும் அதில்தான் போனது. கடைசி வருடங்களில் அதை ஓட்டுகிற மாஸ்டராக இருந்தேன்.

மனைவி சுகந்தியைப் பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று அவளுக்கும் லீவு.

"போங்கோ. நான் நிக்கிறன்தானே," என்றாள்.

போனேன். மனம் அங்கேயே நின்றுவிட்டது.

பைனாகுலர் பழக்கம்

எங்கள் காணி ஓர்ஸ் ஹில்லில், உள் துறைமுகத்தைப் பார்த்த சரிவில் இருக்கிறது. வீட்டு வேலை தொடங்கிய பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. கப்பலுக்காகக் காத்து நிற்கும் நேரமெல்லாம் பைனாகுலரை எடுத்து வீட்டைப் பார்ப்பேன். அத்திவாரம் கண்ணில் படவில்லை. தூண் கம்பிகள் எழும்பிய பிறகு எல்லாம் தெரிந்தது. தெரியத் தெரிய இருப்புக் கொள்ளவில்லை. உடனே சுகந்திக்குப் போன் எடுப்பேன்.

"ஏனப்பா, இண்டைக்கு மேசன் ஒராள்தான் நிக்கிறார்?"

"மற்றவர் தேத்தண்ணி குடிக்கிறார். உங்களுக்குக் கடலில வேலை இல்லையே?"

மணல் குவியல் குறைந்தால் பயம். குறையாமல் இருந்தாலும் பயம். வேலை நடக்கவில்லையோ என்று. டெக்கில் வேலை செய்த மூதூர் நசீருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. "மாஸ்டர், ஊட்ட இப்பிடிப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணூறு பட்டுரும்," என்பான்.

கயிறு இறுகிய நேரம்

அன்று எங்கள் டக்குக்குக் கப்பலின் பின்பக்கம். அதில் எங்கள் கயிற்றைக் கட்டி, அது ஜெட்டியில் மோதாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். கப்பல் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது துறைமுக வாய்ப்பக்கமாக மேகம் கறுத்து, காற்று பிய்த்துக்கொண்டு வந்தது.

நசீர் பைனாகுலரும் கையுமாக, நான் சுக்கான் பிடித்து நின்ற வீல்ஹவுசுக்குள் தலையை நீட்டினான். "மாஸ்டர், உங்கட ஊட்டுப் பக்கம் பாருங்க. ஆக்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடுறாங்க."

எனக்கு வெறுங்கண்ணிலேயே புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சிலாப்பின் மேல் நின்றவர்கள் ஒரு பக்கமாகக் குவிந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். மேலே ஒருவரும் இல்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

அதே நேரம் ரேடியோவில் பைலட் கத்தினார். கப்பலுக்குள் நின்று எங்களுக்கு உத்தரவு தருகிறவர் அவர்தான். "டக் அஃப்ட், புல் ஃபுல்! முழுசா இழுங்கோ, பின்பக்கம் வேகமா வருது!"

ஜெட்டியில் கயிறு வாங்க ஆட்கள் நின்றார்கள். நசீர் பைனாகுலரை என்னிடம் நீட்டினான்.

"எனக்கு வேண்டாம். நீயும் பாக்காத. கயித்தைப் பார்," என்றேன்.

எஞ்சினுக்கு முழு விசையும் கொடுத்தேன். கயிறு இறுகி முனகியது. டக் ஒரு பக்கம் சரிந்தது. கண் கயிற்றில் இருந்தது. சுகந்தி சிலாப்புக்கு மேலே நின்றாளா, கீழே நின்றாளா என்ற கேள்வி மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கப்பல் தயங்கியது, வேகம் குறைந்தது, ஜெட்டியின் ரப்பரில் மெதுவாகச் சாய்ந்தது.

கயிற்றைக் கழற்றியதும் சுகந்திக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தேன். எடுக்கவில்லை.

மூலையில் நடந்தது

மழையோடு மழையாக மோட்டார் சைக்கிளில் ஓர்ஸ் ஹில் ஏறினேன். சுகந்தி முழங்கை வரை சீமெந்தோடு முற்றத்தில் நின்றாள். ஒருவருக்கும் காயமில்லை என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

சிலாப் பலகையைத் தாங்கி நின்ற முட்டு ஒன்று, முதல் நாள் மழையில் ஊறிய மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கொங்கிறீட் போட்ட மூலை அப்படியே தாழ்ந்தது. சுகந்தி எல்லாரையும் கீழே இறக்கி, புது முட்டுகள் கொடுக்க வைத்தாள். அதற்குப் பிறகுதான் பாஸோடு பிரச்சினை. பாஸ் என்றால் எங்கள் தலைமை மேசன்.

"அக்கா, ரெண்டு அங்குலம்தான் பதிஞ்சிருக்கு. கீழால பூசி விட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதுதான் பாஸ். ஆனா அதுக்குக் கீழ படுக்கப் போறது நான்."

இறுகுவதற்கு முன் அந்த மூலைக் கொங்கிறீட் முழுவதையும் அள்ளிக் கொட்டச் சொல்லியிருக்கிறாள். பாஸ் கோபித்துக்கொண்டு கல் குவியலில் போய்க் குந்திவிட்டார். சுகந்தி தானே ஒரு தாச்சியை எடுத்துக்கொண்டு ஏறினாள். அதைப் பார்த்துக் கூலியாட்கள் ஏறினார்கள். கடைசியில் பாஸும் எழும்பி வந்தார்.

"உங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சுப் பாத்தனான்," என்றாள். "எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். "பாஸ் சொல்லுறபடி விடு, அவருக்குத் தெரியும் எண்டுதான் சொல்லியிருப்பன்."

"அப்ப எடுக்காதது நல்லதாப் போச்சு," என்றாள். தாச்சியை என் கையில் தந்தாள். "மிச்சத்தை அள்ளுங்கோ."

டக்கில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு, கயிறு இறுகியிருக்கும்போது கவனத்தை வேறெங்கும் விடவேண்டாம் என்று எந்த மாஸ்டரும் சொல்லித் தருவார். நான் அன்று படித்தது அதற்கு அடுத்த பாடம். தூரத்தில் நிற்கிறவனுக்கு ஆட்கள் ஓடுவது தெரியும். ஏன் ஓடுகிறார்கள் என்பது இடத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். முடிவையும் அவரிடமே விட்டுவிட வேண்டும்.

அடுத்த கிழமை அந்த மூலைக்குத் தனியாகக் கொங்கிறீட் போட்டார்கள். அன்றும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் வேலை எப்படிப் போனது என்று சுகந்தியிடம் கேட்டது, பின்னேரம் கரைக்கு வந்து, குளித்து, தேத்தண்ணி குடித்த பிறகுதான்.