சுவரில் ஏறிய கோடுகள்

தையல் கூடத்தில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்பாள். விரலில் ஊசி ஏறிய அன்றுகூட லீவு போட்டதில்லை. அப்படிப்பட்டவளுக்கு, வலது தோள் இறுகிப்போய் வீட்டில் இருக்கும்போது, தன் கைக்காகத் தினம் கொஞ்ச நேரம் ஒதுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, “எறும்பு ஊர்ற மாதிரி விரலாலயே மேல ஏறுங்க. எட்டுற இடத்துல பென்சிலால ஒரு கோடு. ஒருநாளும் விட்றாதீங்க” என்றிருந்தாள்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தாள். ஒருநாள் வலியில் உயிர் போனது, விட்டுவிட்டாள். மறுநாள் அந்தச் சுவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, வாக்குக் கொடுத்து ஏமாற்றிய ஆளின் எதிரே போய் நிற்பதுபோல. அந்தக் கூச்சத்திலேயே அன்றும் விட்டாள். அப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

லாரி ஓட்டும் கணவன் வெளியூரிலிருந்து திரும்பும் நாளில் மட்டும் பதறுவாள். இடது கையால் பென்சிலை எடுத்து, கடைசிக் கோட்டுக்கு மேலே இன்னொன்று போட்டுவைப்பாள். அவன் பையைக்கூடக் கீழே வைக்காமல் சுவரைப் பார்ப்பான். “அடேங்கப்பா! இப்படியே போனா கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிருவ போலிருக்கே!” அவள் அடுப்பைப் பார்த்துச் சிரித்துவைப்பாள்.

அவன் வீட்டில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் கூடத்தின் மேற்பார்வை அக்கா வந்தாள்.

“உன் மெஷினுக்கு வேற ஒருத்தி வந்திருக்கா. நான்தான் முதலாளிகிட்ட பேசிப் பேசி உன் இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கேன். கை மேல போகுதான்னு பார்த்துட்டு வரச் சொன்னாரு. நூல்கண்டெல்லாம் மேல் தட்டுலதானே இருக்கு.”

கணவன் முந்திக்கொண்டு சுவரைக் காட்டினான். “நல்லாப் பார்த்துக்கங்கக்கா. உங்க கடிகாரம் வீட்லயும் நிக்கல.”

அக்காவுக்கு வாயெல்லாம் பல். “அப்போ நாளைக்கே வந்துடு! எங்க, அலமாரி மேல இருக்கிற அந்த டப்பாவை எடு, பார்ப்போம்.”

வலது கை தோளளவு வந்ததும் நின்றுவிட்டது. பல்லைக் கடித்தாள், உடம்பைச் சாய்த்தாள், குதிகாலை உயர்த்தினாள். டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. கணவன் எழுந்து வந்து, அதை எடுத்து அவள் கையில் கொடுத்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“சொல்லியிருக்கலாமேடி” என்றாள் அக்கா. “உன் மெஷினுக்கு வந்த பொண்ணையே இருக்கச் சொல்லிடறேன். உனக்குக் கை சரியானதும் பார்க்கலாம்.”

அக்கா போன பிறகு, ஈரத்துணியை எடுத்துவந்து கோடுகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

“அடியில இருக்கிறதெல்லாம் நெசந்தானே?” என்றான் அவன்.

“அதுவும் இப்ப எட்டாது.” விரல்களைச் சுவரில் வைத்தாள். “நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விரல்கள் ஊர்ந்தன. கண்ணில் நீர் முட்டியது.

“ஏறிட்டியா?”

“இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான்.

“இன்னும் இல்ல” என்றாள். விரல் நின்ற இடத்தில், பழைய முதல் கோட்டுக்கும் கீழே, ஒரு கோடு போட்டாள். அழித்துவிடலாமா என்று ஒரு கணம் துணியைப் பார்த்தாள்.

“இப்பப் பாருங்க.”