குழம்பு விசாரித்த டெலிபோன்

பம்பாயில் டெலிபோனை எடுத்ததும் "கோன்?" என்று அதட்டுகிறார்கள். யார் என்று தெரிந்த பிறகுதான் மனிதன் என்றே ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது. பாளையங்கோட்டைக்காரியான எனக்கு இது இன்னும் பழகவில்லை. செம்பூரில் ஒரு பார்சி மனநோய் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். போன் எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அந்தப் பக்கம் தமிழ் என்று தெரிந்தால் போதும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிடுவேன். "இது கிளினிக்கா, கேன்டீனா?" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவரே ஒருநாள் போனில் வைத்தியம் பார்க்கப்போவதாகச் சொன்னபோது நான்தான் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களும் சிரிப்பீர்கள். நாடி பிடிக்காமல், முகம் பார்க்காமல் அதென்ன வைத்தியம்? ஆனால் வேறு வழியில்லை. தாராவியில் இருந்த செல்லம்மா கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பிள்ளை பிறந்ததிலிருந்து தூக்கம் போய், பேச்சும் போய், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்கு டிராம்பேயில் ஷிப்டு வேலை, அடிக்கடி லீவு கிடைக்காது. மழைக்காலம் வேறு, குர்லாவில் தண்டவாளம் முங்கிவிடும். அவள் இப்படியே இருந்தால் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவதாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒருமுறை நேரில் பார்த்து மாத்திரை கொடுத்த டாக்டர், இனி புதன்தோறும் போனில் பேசுவோம் என்றார். அவள் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போன் இருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ரிசீவர் என் காதில், டாக்டர் என் எதிரில்.

"நல்லா இருக்கேன்க்கா." ஒவ்வொரு புதனும் இதேதான். டாக்டருக்குச் சந்தோஷம். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எமன் வந்து கேட்டாலும் நல்லா இருக்கேன் என்று சொல்கிற ஜாதியல்லவா நாம்! நான் ஊருக்கு எழுதும் கடிதத்திலும் அதே இரண்டு வார்த்தைதான். அதிலும் உப்பு புளி வாங்க வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அவள் வேறு என்னத்தைச் சொல்வாள்? இதை நம்பி மாத்திரை நின்றால் அவள் கதி என்ன, அந்தப் பிள்ளை கதி என்ன?

"இன்னைக்கு என்ன கொழம்பு, செல்லம்மா?" என்றேன்.

குரலைத் தாழ்த்தி, "அடுப்பு பத்த வைக்கலக்கா."

"நேத்து?"

"நேத்தும் இல்ல. அவுக ஓட்டல்ல வாங்கியாந்தாக."

டாக்டரிடம் சொன்னேன். "அதனாலென்ன, மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "டாக்டர், எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் யார் செத்தது என்று கேள்" என்றார்.

நான் முதலில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, கடையில் ஆள் வேண்டாம் என்றேன். "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க, சரக்கு எங்கயும் ஓடிப் போயிராது" என்று அவர் விரட்டுவதும், கடைப் பலகையைச் சாத்துவதும் கேட்டன.

"யாரு செத்தா, செல்லம்மா?"

"ஒருத்தரும் சாகலக்கா... பிள்ள அழுதா காதுல கேக்கு. எடுக்கணும்னுதான் இருக்கு. கை போவமாட்டேங்கு. நாந்தான் செத்துட்டேனோ என்னவோ."

அழுதாள். அவ்வளவு நாள் அடக்கிவைத்த அழுகை. நான் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்தேன்.

மாத்திரை நிற்கவில்லை. டாக்டர் புருஷனையும் போனுக்கு வரவழைத்து, பிள்ளையை அனுப்பாதே, பகலில் அவளைத் தனியே விடாதே என்றார். பக்கத்து வீட்டு மராத்திக்காரி துணைக்கு வந்து உட்கார்ந்தாள். புதன்கிழமை மணி அடித்தால் அண்ணாச்சி யாரும் சொல்லாமலே பலகை போட்டார். டாக்டரும் தேறிவிட்டார். நான் ரிசீவரை எடுத்ததுமே, "பஹலே கொழம்பு பூச்சோ!" முதலில் குழம்பைக் கேட்கவேண்டுமாம்.

மழை விட்ட பிறகு ஒரு புதன். "புளிக்கொழம்புக்கா. பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டேதான் வச்சேன். உப்புதான் கூடிப்போச்சு" என்றாள். டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க என்ன கொழம்புக்கா?"

மாதுங்காவில் என் அறையில் அடுப்பே கிடையாது. வந்த நாளிலிருந்து மெஸ் சாப்பாடு. எப்படியும் ஊருக்குப் போய்விடுவோம், இங்கே எதற்குப் பாத்திரம் சேர்ப்பது என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. ஊரில் எங்கள் வீட்டு அடுப்பில் இப்போது தம்பி பெண்டாட்டி சமைக்கிறாள்.

"நல்லா இருக்கேன், செல்லம்மா" என்றேன்.

"அது சரிக்கா. நான் கொழம்புல்லா கேட்டேன்?"

"க்யா போல்தி ஹை?" என்ன சொல்கிறாள் என்று டாக்டர் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார். காதில் அவள் காத்திருந்தாள், எதிரில் அவர் காத்திருந்தார்.