மூணு குரல் அக்கா

முதல் குரலை வராந்தாவுக்குக் கொடுப்பார். இரண்டாவதை மாடிப்படிப் பக்கம் திரும்பிக் கொடுப்பார். மூன்றாவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்தி, வலது உள்ளங்கையை வாயோரம் வைத்து, கீழே ஜெராக்ஸ் கடை வரை எட்டும்படி விடுவார். அதற்கும் ஆள் வராவிட்டால் உள்ளே போய் இல்லை என்று தலையை அசைப்பார். நீதிபதியின் பேனா தாளைத் தொடும்.

எங்கள் கோர்ட்டில் பத்தொன்பது வருஷம் டவாலியாக நின்று வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டவர். எல்லோருக்கும் அவர் மூணு குரல் அக்கா. மாலைச் சட்டக் கல்லூரியில் அவரும் நானும் ஒரே வகுப்பு. நான் சொத்துரிமைத் தாளை மூன்று தரம் எழுதிக் கரையேறியவன். அவர் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். பொறாமை இல்லை என்று எழுதினால் என் மனைவியே நம்பமாட்டாள். ஆனால் பிரமிப்புதான் அதிகம்.

பிரிவு எண்களை அவர் மனப்பாடம் செய்து நான் பார்த்ததில்லை. "முப்பத்தொண்ணா? அது பச்சைக் குடைக்காரர் கேஸு. தீர்ப்பைக் கேட்டுட்டுக் குடையை மறந்து மழையில போனாரே, அவரு" என்பார். ஒவ்வொரு பிரிவுக்கும் அவரிடம் ஒரு முகம் இருந்தது. பரீட்சையில் நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கூடுதல் தாள் கேட்டுக்கொண்டிருப்பார்.

பதக்கம் வாங்கிய அன்று, "எப்படிக்கா இவ்வளவு மார்க்கு?" என்று கேட்டேன்.

"எனக்கா குடுத்தாங்க? அழுதுக்கிட்டே படி இறங்கினவங்களுக்குக் குடுத்தது தம்பி. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

அந்தப் பதக்கம் இப்போது அவர் வீட்டு அலமாரியில் மருந்துச் சீட்டுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்று வீடு தேடி வந்து அவரை அழைத்தது. தனி அறை, வந்து போகக் கார். அவர் மறுத்தபோது நானும் அங்கே இருந்தேன். "பழம் நழுவிப் பால்ல விழுது, நீ பாத்திரத்தையே கவுக்கறியேம்மா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேலை அந்தக் கோர்ட்டு வாசல்லதாண்டி" என்றார் அக்கா. நான்கு வருஷத்துக்கு முன் நடந்ததை அன்றுதான் சொன்னார். ஒரு பெண், குழந்தைக்குத் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். அக்கா மூன்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தலையை அசைத்தார். "ரெண்டே நிமிஷம். வந்துட்டேன், வந்துட்டேன்னு பாட்டிலோட ஓடி வந்தா. வீடு போயிடுச்சு. என் வாயாலதான் போச்சு." அடுத்த வாரமே சட்டக் கல்லூரி விண்ணப்பம் வாங்கியிருக்கிறார். கூப்பிட்ட நேரத்தில் இல்லாததால் தோற்றவர்களுக்காக வாதாட வேண்டும். அவருடைய லட்சியம் முழுவதும் அவ்வளவே.

சென்ற திங்கட்கிழமை அவருக்கு முதல் வழக்கு. கட்சிக்காரர் பூட்டு ரிப்பேர் செய்யும் பெரியவர். முன்பு பெயர் கூப்பிட்டபோது ஜெராக்ஸ் வரிசையில் நின்றிருந்தார். கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது. அதை ரத்து செய்யக் கேட்ட மனுவுக்கு அன்று அவரே சாட்சி சொல்ல வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி, கடையும் போச்சு. லிஃப்ட் வேறு ஓடவில்லை. மூன்று மாடி ஏற வேண்டும்.

அக்கா கறுப்பு அங்கியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நேத்து வரைக்கும் வாசல்ல நின்னவங்க" என்று பின்னால் ஒரு வக்கீல் முணுமுணுத்தார். புது டவாலி மூன்று குரலையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு உள்ளே வந்து தலையை அசைத்தார். நீதிபதி பேனாவைத் திறந்தார்.

அக்கா எழுந்தார். பிரிவுகளை அடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஒரே ஒரு நிமிஷம் குடுங்கய்யா" என்றவர், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?" என்று அதே வக்கீல் சிரித்தார். மாடிப்படிப் பக்கம் திரும்பி, வலது உள்ளங்கையை வாயோரம் வைத்து, அந்தக் கோர்ட்டில் இதுவரை யாரும் கேட்டிராத நான்காவது குரலை அக்கா விட்டார்.

"வந்துட்டேன்... வந்துட்டேன்..." என்று கீழிருந்து மூச்சிரைக்க ஒரு பதில் ஏறி வந்தது. அக்கா உள்ளே திரும்பவில்லை. இரண்டு படி இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.