காரால் அச்சடித்த பதினான்கு ஜன்னல்கள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பலகை மேல் கார் ஏற்றியது.

போன சனிக்கிழமை. அமெரிக்காவின் இர்விங் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட். அம்மாவின் நூலக வகுப்புக்கு வரும் பதினான்கு பெண்கள் அதில் ஆளுக்கொரு ஜன்னலும் அதற்குள் தெரியும் தன் வீட்டுக் காட்சியும் செதுக்கியிருந்தார்கள். மை தடவி, மேலே வெள்ளைத் துணி, அதன்மேல் கம்பளி, இன்னொரு பலகை. அப்புறம் என் கார். படம் சரியாக விழுந்தால் வெள்ளிக்கிழமை முதல் ஒரு மாதம் நூலகச் சுவரில் தொங்கும். அமெரிக்காவில் அம்மாவின் முதல் கண்காட்சி. இருந்தது ஒரே துணி.

அம்மா சாந்தாமணி, கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். 2004இல் அப்பாவின் வேலைக்காக இங்கே வந்தோம். அம்மாவின் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. பதினோரு வருடம் சாப்பாட்டு மேஜையில் வரைந்தாள். அச்சு இயந்திரம் வைக்க இடமில்லை. மரத்தில் செதுக்கி, காகிதம் வைத்து, குழிக்கரண்டியின் முதுகால் தேய்த்தே படம் எடுத்தாள். பள்ளி விட்டு வந்தால் வீட்டில் அந்தச் சத்தம்தான். வேலை பார்க்க அனுமதி வந்த வாரமே ஆசிரியர் தேர்வுக்கு அப்ளை பண்ணினாள். நடுநிலைப் பள்ளியில் ஓவிய டீச்சர். சனிக்கிழமைகளில் நூலகத்தில் இலவச வகுப்பு.

"எட்டடிக்குக் கரண்டி பத்தாது கண்ணு. உன் காரைக் கொண்டா."

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். டயர் அகலமாகப் படியட்டும் என்று காற்றைக் குறைத்தேன். எட்டு அங்குலம் தள்ளித் தள்ளி ஆறு தடவை ஓட்டுவதாகத் திட்டம். சாக்பீஸால் கோடு போட்டேன். வகுப்புப் பெண்கள் சுற்றி நிற்க, அம்மா பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"மெதுவா! இது பலகை, ஃப்ரீவே இல்ல!"

"நாலு மைல் வேகம்தாம்மா."

"அதே ஜாஸ்தி. நஜீமா செதுக்கின குக்கர் நசுங்கிரும்!"

ஆறாவது தடவை முடிந்தது. ஆளுக்கொரு மூலை பிடித்துத் துணியை உரித்தோம். கருகருவென்று வந்தது. பதினான்கும்! நஜீமா கத்தியதில் மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி தன் ஜன்னலில், கணவர் சோபாவில் தூங்குவதைச் செதுக்கியிருந்தார்.

"சாந்தா, அவர் தலை அந்தப் பக்கம் போயிருச்சே!"

"அச்சுல திரும்பித்தானுங்க்கா வரும். வீட்டுலயும் அப்படியே திருப்பிப் படுக்க வெச்சிருங்க."

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அடுத்தது இதைவிடப் பெருசு கண்ணு. வேன் வேணும்."

எண்ணெய் மை. காய ஆறு நாள். செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மாவின் இதயம் நின்றுவிட்டது. அறுபத்தொரு வயது. நேற்று தகனம்.

இன்று வெள்ளி. துணியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது. நூலகத்தில் அப்பா பேசினார். சுவரைக் காலியாகவே வைத்திருக்கிறார்களாம். துணியின் மேல்விளிம்பில் கோத்துத் தொங்கவிட ஒரு கட்டை வேண்டும். ஞாயிற்றுக்கிழமையே வாங்கக் கிளம்பினேன். அம்மா விடவில்லை.

"நீ போனா டேப் வெச்சு அளந்துட்டே நிப்ப. புதன்கிழமை ஸ்கூல் விட்டு வரப்ப நானே வாங்கிக்கறேன்."

ஐந்தடி நீளம், ஒரு அங்குலத் தடிமன். இன்னும் வாங்கவில்லை.